ஆறு பேர் உட்கார ஒரு மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சினிமா பக்கத்தில் ஹாங்காங் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆவலோடு. இரண்டாம் தடவை கொஞ்சம் வருத்தத்தோடு. குங்ஃபூ, துப்பாக்கி, கருப்புக் கண்ணாடி என்று முக்கால் பக்கம் ஓடிவிட்டு, கடைசிப் பத்தியில் இப்போது அங்கே உள்ளூரில் மட்டும் போணியாகும் குடும்ப காமெடிகள்தான் வருகின்றன என்று கட்டுரையாளர் கையை உதறிவிட்டார். உதாரணத்துக்கு 2022-இல் வந்த 'டேபிள் ஃபார் சிக்ஸ்' படத்தைச் சொல்லி, அதைச் 'சீன மொழிப் படம்' என்றும் எழுதியிருந்தார்.

அந்தப் படத்தை ஹாங்காங்கில், ஹாங்காங்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் நீளும். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் காயல்பட்டினம். எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்து வீட்டில் யாராவது ஒருவர் ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்திருப்பார். நானும் அப்படித்தான். 1989-இல் இருபத்திரண்டு வயதில் போனேன், 2023-இல் திரும்பினேன். சிம் ஷா சுய்யில் நேதன் சாலைப் பள்ளிவாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆபீஸ். வீடு டோ குவா வானில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நான்காவது மாடி.

முதலில் மொழி. ஹாங்காங்கில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் வீட்டில் பேசுவது கான்டனீஸ். பெய்ஜிங்காரர் பேசும் மாண்டரினை மட்டும் தெரிந்தவருக்கு அது காதில் ஏறாது. எழுத்து பெரும்பாலும் ஒன்று என்பதால் வெளியே இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. கான்டனீஸில் குரலின் ஏற்ற இறக்கம்தான் பொருள். எங்கள் தொழிலுக்கு வேண்டிய முதல் இரண்டு சொற்களையே பாருங்கள்: வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. குரல் அடியிலிருந்து மேலே ஏறினால் வாங்குவது. அடியிலேயே கிடந்தால் விற்பது. போன முதல் மாதத்தில் கையிலிருந்த நீலக்கல் பொட்டலத்தை விற்கப்போகிறேன் என்று ஒரு தரகரிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாகப் போய் இன்னொரு பொட்டலம் நீலத்தைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். வாங்கப்போகிறேன் என்று என் குரல் சொல்லியிருக்கிறது. என் காக்காவின் (அண்ணனின்) கூட்டாளிகள் அதைப் பத்து வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்படி ஒரு மொழியில் நகைச்சுவை எங்கே பிறக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டுரையாளர் ஆங்கிலப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். படத்தின் சொந்தப் பெயர் 'ஃபான் ஹெய் குங் சம்'. பெயரிலேயே முதல் சிரிப்பு இருக்கிறது. 'ஃபான்' என்றால் சோறு. வயிறு நிறையச் சாப்பிட்டபின் கண்ணைச் செருகிக்கொண்டு வருமே, அதற்கு அவர்கள் சொல்வது 'ஃபான் ஹெய் குங் சம்': சோற்றின் ஆவி நெஞ்சைத் தாக்கிவிட்டது. நம்முடைய உண்ட மயக்கம்தான். அந்த 'ஹெய்' என்ற சொல்லை, அதே ஒலியும் அதே ஏற்ற இறக்கமும் உள்ள இன்னொரு 'ஹெய்' எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கூத்து, படம் என்று அர்த்தம். ஆக, சோற்றுக் கூத்து நெஞ்சைத் தாக்குகிறது. போஸ்டரைப் பார்த்த உடனேயே உள்ளூர்க்காரன் சிரித்துவிடுவான். இங்கே இதை விளக்குவதற்குள் எனக்கே பாதி மயக்கம் வந்துவிட்டது.

கதை இதுதான். மூன்று சகோதரர்கள். அம்மா அப்பா இல்லை. மூத்தவன் போட்டோகிராபர், அது டேயோ வோங். இரண்டாமவன் லூயிஸ் சியுங். மூன்றாமவன் பீட்டர் சான், கம்ப்யூட்டர் கேம் போட்டிகளில் விளையாடுகிறவன். ஒரு நாள் இரண்டாமவன் தன் காதலியைச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறான். வந்து நிற்பவள் மூத்தவனின் பழைய காதலி. அந்த வேடத்தில் ஸ்டெஃபி டாங். மூன்றாமவனின் நெடுநாள் காதலியாக ஐவானா வோங். மூத்தவன் மேல் பிரியம் வைத்து வந்து சேரும் தைவான் பெண்ணாக, மலேசியாவில் பிறந்த லின் மின்-சென். ஆறு பேர், ஒரு மேசை. இயக்கியவர் சன்னி சான்.

மாமனார் மாமியார் இல்லை, வில்லன் இல்லை, கார் ஒன்றும் வெடிக்கவில்லை. சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், பேசக்கூடாததைப் பேசாமலிருக்கப் படாதபாடு படுகிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அவர்கள் குடியிருக்கும் இடம் ஒரு பழைய தொழிற்கூடம். அப்பா காலத்தில் அங்கே 'சா சியூ' செய்தார்கள். அதாவது இனிப்பு மசாலா பூசிச் சுட்ட பன்றி இறைச்சி. ஹாங்காங்கில் தெருவுக்குத் தெரு கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாகத் தொங்கும். முப்பத்து நான்கு வருடம் அதன் வாசனையைக் கடந்து நடந்திருக்கிறேன், வாயில் வைத்ததில்லை. ஆனால் அது அந்த ஊரில் வெறும் இறைச்சி இல்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளை சொல்பேச்சுக் கேட்கவில்லை என்றால் கான்டனீஸ் தாய் திட்டுவாள்: "உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சா சியூவைப் பெத்திருக்கலாம்!" அந்த ஊரில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் இதைக் காதாரக் கேட்டிருக்கும். என் உம்மா என்னைத் திட்டும்போது அம்மிக்கல்லைச் சொல்வார்கள். அதைப் பெத்திருந்தால் துவையலாவது அரைத்திருக்கலாமாம். இப்போது யோசியுங்கள்: உருப்படாத மூன்று பிள்ளைகள், அப்பாவின் சா சியூ கூடத்தில் குடியிருக்கிறார்கள். கதாபாத்திரம் வாயே திறக்க வேண்டாம். தியேட்டரில் இருப்பவன் மண்டைக்குள் அவன் அம்மாவின் குரல் ஏற்கெனவே கேட்க ஆரம்பித்துவிடும். இதை எந்த சப்டைட்டில் போடும்?

அடுத்தது அந்த மேசை. நம் ஊரில் ஆறு பேர் உட்கார மேசை என்றால் பெரிய விஷயம் இல்லை. எங்கள் காயல் வீடுகளில் பாயை விரித்தால் அறுபது பேர் உட்காரலாம். ஹாங்காங்கில் என் வீடு முந்நூறு சதுர அடி. சாப்பாட்டு மேசை என்பது மடித்துச் சுவரோடு சாத்தி வைக்கும் பொருள். 'ஜிப் தோய்' என்பார்கள். சாப்பிடும்போது விரிப்போம். விரித்தால் கழிவறைக் கதவு பாதிதான் திறக்கும். என் மகன் அதன்மேல்தான் பள்ளிப்பாடம் எழுதினான்; என் மனைவி அதன்மேல்தான் துணி தேய்த்தாள்; பெருநாளைக்கு நாலு பேர் வந்துவிட்டால் இரண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். அந்த ஊர்க்காரன் இந்தப் படத்தில் முதலில் பார்ப்பது நடிகர்களை இல்லை. பெரிய கூடம், உயரமான கூரை, நடுவில் மடக்க வேண்டாத ஒரு மேசை! பின்வரிசையில் இருந்த ஒருவர் பெருமூச்சு விட்டது என் காதில் விழுந்தது. நம் படங்களில் சுவிட்சர்லாந்து செய்த வேலையை அங்கே ஒரு மேசை செய்துவிட்டது.

சரி, மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

படம் 2022 சீனப் புத்தாண்டுக்கு வர வேண்டியது. அந்த வருடம் புத்தாண்டு பிப்ரவரி 1. ஜனவரி 7 அன்று கொரோனாவால் தியேட்டர்களை மூடினார்கள். ஏப்ரல் 21 அன்றுதான் திறந்தார்கள். அதே நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த ஓட்டலிலும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பிப்ரவரியில் இரண்டு குடும்பத்துக்கு மேல் ஒரு வீட்டில் கூடக்கூடாது என்று உத்தரவே வந்தது. ஏப்ரலில் தளர்த்தியபோதும் முதலில் மேசைக்கு நாலு பேர், அப்புறம் எட்டு. மேசைக்கு எத்தனை பேர் என்பதைச் சர்க்கார் எண்ணிச் சொன்ன ஊர் அது. புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பம் முழுதும் கூடி உண்பது அவர்களுக்கு எப்படிப்பட்ட சடங்கு என்று தெரிந்தவர்களுக்கு அந்த வருடத்தின் வலி புரியும். எங்கள் ஆபீஸ் கணக்கர் அம்மா, எழுபது தாண்டிய தன் தாயோடு வீடியோவில் பேசிக்கொண்டே தனியாக மீன் சாப்பிட்டதாகச் சொன்னார். முள்ளை எடுத்துப் போடுகிற இடைவெளியில் அழுததாகவும் சொன்னார்.

அப்புறம்தான் படம் வந்தது. செப்டம்பர் 8, 2022. நடு இலையுதிர்காலப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு. அதுவும் குடும்பம் கூடிச் சாப்பிடுகிற பண்டிகைதான். ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் முகக்கவசம் இல்லாமல் ஒருவர் தட்டில் இன்னொருவர் எடுத்துப் போட்டுச் சாப்பிடுவதைத் திரையில் பார்க்க, முகக்கவசம் போட்டுக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது.

வசூல் ஏழு கோடியே எழுபது லட்சம் ஹாங்காங் டாலரைத் தொட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 77 கோடி ரூபாய். நம் பெரிய நடிகர்களின் முதல் வார வசூலைப் பார்த்துப் பழகியவருக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். கல் வியாபாரி புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிக்கெட் எண்பத்தைந்து டாலர் என்று வைத்தால் ஒன்பது லட்சம் டிக்கெட். ஊரின் மக்கள்தொகை எழுபத்து மூன்று லட்சம் சொச்சம். எட்டுப் பேருக்கு ஒரு டிக்கெட்! 'உள்ளூரில் மட்டும்' என்ற சொல்லுக்குள் இவ்வளவு ஆட்கள் இருக்கிறார்கள்.

நானும் மனைவியும் இரண்டாவது வாரம் போனோம். அங்கே உள்ளூர்ப் படங்களுக்குப் பெரும்பாலும் அடியில் சீன எழுத்தும் ஆங்கிலமும் ஓடும். என் மனைவிக்கு மீன் மார்க்கெட் கான்டனீஸ் நன்றாக வரும். படத்துக்கு அது போதாது. ஆங்கிலத்தைப் படித்துத்தான் பார்த்தாள். அதனால் ஹால் முழுதும் சிரித்து அடங்கின பிறகு என் பக்கத்திலிருந்து ஒற்றைச் சிரிப்பு வரும். சில இடங்களில் அதுவும் வராது. "என்னவாம்? எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று முழங்கையால் இடிப்பாள். "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்பேன். அப்படி ஏழெட்டு நகைச்சுவைகளைக் கடன் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

டேயோ வோங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990-இலிருந்து தனியாக மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைத்தவர். அங்கே அந்தக் கலைக்கு 'துங் துக் சியூ' என்று பெயர். நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றுகொண்டு சிரிப்புக் காட்டுவது. ஹங் ஹோம் உள்விளையாட்டரங்கில் 2018-இல் கடைசி நிகழ்ச்சி நடத்தி விடைபெற்றார். என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், டிக்கெட்தான் கிடைக்கவில்லை. சினிமாவில் மட்டும் ரொம்ப நாள் அவருக்கு 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்று பெயர். அதை அவரே சொல்லிக் கேலி செய்துகொள்வார். அந்த விஷம்தான் இந்தப் படத்துக்கு அடுத்த வருடமே, 2023 புத்தாண்டுக்கு வந்த நீதிமன்றப் படத்தில் பத்துக் கோடி டாலரைத் தாண்டியது. உள்ளூர்ப் படம் ஒன்று ஹாங்காங்கில் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல் முறை. 'டேபிள் ஃபார் சிக்ஸ்' படத்தில் அவர் செய்வது மிகக் குறைவு. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பழைய காதலி உள்ளே வரும்போது, ஒரு மூத்தவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான்? அவர் ஒன்றும் செய்யாத அந்த முகத்துக்குத்தான் ஹால் இடிந்து விழுந்தது.

முறைச்சொல் சங்கடம் இன்னொன்று. அவர்கள் பேச்சில், நம்மைப் போலவே, அண்ணன் மனைவிக்குத் தனிச்சொல், தம்பி மனைவிக்குத் தனிச்சொல். அண்ணியாக வரவேண்டியவள் தம்பி மனைவியாக வந்து நின்றால் அவளை எதைச் சொல்லிக் கூப்பிடுவது? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், பிரச்சினையே இல்லை. தமிழில் எழுதினால் இந்த இடம் அப்படியே வரும். என் மனைவி ஆங்கிலம் படிக்காமலே சிரித்த ஒரே இடமும் இந்தச் சங்கடம்தான்.

இது திடீரென்று 2022-இல் முளைத்த சமாச்சாரமும் இல்லை. நான் போய் மூன்றாம் வருடம், 1992 புத்தாண்டு. கடை, ஆபீஸ், தரகர் எல்லாம் மூடிவிடுவார்கள். ஒரே அறையில் ஏழு காயல் பையன்கள் முடங்கிக் கிடந்தோம். பொழுது போகாமல் தியேட்டருக்குப் போனோம். 'கா யாவ் ஹெய் சி'. ஆங்கிலத்தில் 'ஆல்ஸ் வெல், எண்ட்ஸ் வெல்'. இயக்கம் க்ளிஃப்டன் கோ. அதிலும் ஒரே கூரைக்குக் கீழ் மூன்று சகோதரர்கள். ஸ்டீஃபன் சோவும் லெஸ்லி சியுங்கும் தம்பிகள். மூத்தவன் வீட்டுக்கு உழைத்துக் கருத்துப்போன மனைவியை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போகிறான். அந்த மனைவியாக சாண்ட்ரா இங். எனக்கு அப்போது வாங்க விற்க மட்டும்தான் மொழி தெரியும். ஆனாலும் அந்த அண்ணியைப் புரிந்தது. அவள் அலங்காரம் செய்துகொண்டு திரும்பி வருகிற இடத்தில் எங்கள் வரிசையில் விசில் அடித்தவன் இன்று ஊரில் மூன்று பேரப்பிள்ளைகளோடு மரியாதையாக இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். புத்தாண்டுக்கென்றே இப்படிக் கூட்டுக் குடும்பக் கலகலப்புப் படம் எடுப்பது அங்கே வழக்கம். 'ஹோ சுய் பின்' என்பார்கள். நம்முடைய தீபாவளி ரிலீஸ் மாதிரி. ஆனால் முடிவில் எல்லோரும் நம்மைப் பார்த்துக் கைகூப்பிப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதும் உண்டு.

இதற்கும் முன்னால் ஒன்று உண்டு. கணக்கர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஹாங்காங் சினிமாவை மாண்டரின் முழுதாகப் பிடித்துக்கொண்டது. 1972-இல் கான்டனீஸில் ஒரு படம் கூட வரவில்லை. ஊரே பேசுகிற மொழிக்குத் திரையில் இடம் இல்லை! அடுத்த வருடம் சோர் யுயென் இயக்கத்தில் 'எழுபத்திரண்டு குடித்தனக்காரர்களின் வீடு' வந்தது. ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்து வாழும் தையல்காரர், மருத்துவர், செருப்புத் தைப்பவர், வாடகை கேட்டுக் கத்தும் வீட்டுக்காரி. அங்கும் நாயகன் என்று ஒருவர் இல்லை, கூட்டம்தான். அந்த வருடம் ஹாங்காங் வசூலில் அது புரூஸ் லீயின் 'எண்டர் த டிராகன்' படத்தையே முந்தியது. அதற்குப் பிறகுதான் கான்டனீஸ் படம் மறுபடி மூச்சு விட்டது. உலகத்துக்கு ஹாங்காங்கைத் தெரியவைத்த படம் எது என்று கேட்டால் கட்டுரையாளர் சரியாகச் சொல்வார். ஹாங்காங்குக்கு அதன் வாயைத் திருப்பிக் கொடுத்தது எது என்று கேட்டால், அது ஒரு வாடகை வீட்டு காமெடி.

'டேபிள் ஃபார் சிக்ஸ்' படத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. இடைவேளைக்குப் பிறகு என்று நாம் சொல்கிற பகுதி தொய்கிறது (அங்கே இடைவேளை கிடையாது, முறுக்கும் கிடையாது). அந்தத் தைவான் பெண்ணுக்கு அழகாக இருப்பதைத் தவிர எழுதினவர்கள் அதிகம் வேலை கொடுக்கவில்லை. 2024 புத்தாண்டுக்கு இரண்டாம் பாகம் வந்தது, டேயோ வோங் இல்லாமல். அண்ணன் இல்லாத மேசை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். வெளியூரில் இந்தப் படம் அவ்வளவாகப் பேசப்படாது என்று கட்டுரையாளர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். நான் மறுப்பது அதை ஒரு குறையாகச் சொன்னதைத்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்காகச் சமைத்த சோற்றை, ஏன் ஏற்றுமதி ஆகவில்லை என்று கேட்பதா?

கணக்கர் அம்மாவைப் பற்றி இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அவர் சொன்ன ஒரு விஷயம்தான்.

இருபது வருடம் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன். வருடக் கடைசி ஆபீஸ் விருந்தை நாங்களும் சாப்பிட வேண்டும் என்பதற்காக வான் சாய் பள்ளிவாசல் ஐந்தாம் மாடிக் கேண்டீனில் வைப்பார். அங்கே ஹலாலாக டிம்சம், அதாவது ஆவியில் வெந்த சின்னச் சின்னப் பலகாரம், கிடைக்கும். முதல் வருடம் நான் கூச்சப்பட்டு ஒதுங்கியபோது "கூட ஒரு ஜோடி சாப்ஸ்டிக், அவ்வளவுதானே" என்றார். எதிர்பாராமல் வந்த ஆளை மேசைக்கு இழுக்க அந்த ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்ததும் அவர்தான்.

அவருக்கு இரண்டு தம்பிகள். 2019 போராட்டங்களின்போது ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். ஊரே அப்படித்தான் பிரிந்தது. போராட்டத்தை ஆதரித்தவர்களை மஞ்சள் என்பார்கள், அரசாங்கத்தையும் போலீசையும் ஆதரித்தவர்களை நீலம் என்பார்கள். (எங்கள் தொழிலில் மஞ்சள் கனக புஷ்பராகமும் நீலமும் ஒரே கல்தான், இரண்டுமே குருந்தம் என்ற கனிமம். அவரிடம் இதைச் சொன்னேன். "கல்லுக்கு வாய் இல்லை" என்றார்.) மூன்று வருடம் தம்பிகள் இருவரும் ஒரே நேரத்தில் தாய் வீட்டுக்கு வரவில்லை. ஒருவர் மதியம் வந்தால் இன்னொருவர் இரவு. தாய் ஒரே நாளில் இரண்டு முறை சமைத்தார்.

இந்தப் படத்தில் அரசியல் ஒரு சொல் கூட இல்லை. ஆனால் மேசையில் எதைப் பேசக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்த ஆறு பேர், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிச் சாப்பிட்டு முடிக்கப் பார்க்கிறார்கள். அந்த வருடத்து ஹாங்காங்காரனுக்கு அது யார் வீட்டுக் கதை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கர் அம்மா இரண்டு முறை பார்த்தார். முதல் முறை மூத்த தம்பியோடு, இரண்டாம் முறை இளைய தம்பியோடும் தாயோடும். டிசம்பரில், குளிர்காலச் சங்கிராந்தி அன்று, அவர்களுக்குப் புத்தாண்டைவிடப் பெரிது என்று சொல்லப்படும் சாப்பாட்டுக்கு, இருவரும் ஒன்றாக வந்தார்களாம். படம் பார்த்ததால்தான் வந்தார்களா என்று கேட்டேன். "இல்லை, அம்மா இரண்டு முறை சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்" என்றார்.

அங்கே டிவி சீரியல்களில் ஒரு தேய்ந்த வசனம் உண்டு. யாராவது மனமுடைந்து அழுதால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: "பசிக்கிறதா? நூடுல்ஸ் போட்டுத் தரட்டுமா?" ஊரே அதைச் சொல்லிக் கேலி செய்யும். அந்த ஊரே வீட்டில் அதையேதான் சொல்லும். இந்த இரண்டும் சேர்ந்தால் வருவதுதான் கான்டனீஸ் குடும்ப காமெடி. கட்டுரையாளர் எட்டி உதைக்கும் காலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த முறை எழுதும்போது படத்தின் பெயரையாவது அதன் மொழியிலேயே போடச் சொல்லுங்கள்: ஃபான் ஹெய் குங் சம். தமிழ் எழுத்தில் அழகாகவே இருக்கிறது.

என் மனைவிக்கு நான் பட்ட கடன் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அன்று இரவு மடக்கு மேசையை விரித்து, சாப்பிட்டுக்கொண்டே அந்த ஏழெட்டு நகைச்சுவைகளையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. "இதுக்கா?" என்றாள். பெயரில் இருந்த சிலேடையைச் சொன்னபோது எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

ஊர் திரும்பியபின், போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். களரிச் சாப்பாடு. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து களரிக்கறியும் கத்தரிக்காய் மாங்காயுமாகக் கழுத்து வரை சாப்பிட்டுவிட்டு வந்து, திண்ணையில் தூணில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். லாத்தா (அக்கா) வீட்டுப் பிள்ளைகள் என்னைத் தேடியிருக்கிறார்கள். உள்ளே இருந்து என் மனைவி சொன்னது அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது:

"அவங்களை எழுப்பாதீங்க. ஃபான் ஹெய் குங் சம்."

அதுவும் சரியான ஏற்ற இறக்கத்தோடு. நான் முப்பத்து நான்கு வருடம் முயன்றும் அவ்வளவு சுத்தமாக எனக்கு வந்ததில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காயல்பட்டினம், தூத்துக்குடி மாவட்டம்.